ஜப்பானில் அருவிப் பள்ளத்தாக்கு நடை: அகாமேயா, நிஷிசாவாவா, ஓய்ராசேயா?

ஜப்பான் பயணத்தில் ஒரு நாளை அருவிக்கென்று ஒதுக்குபவர்கள் முதலில் தேடுவது உயரமான அருவியைத்தான். தேடினால் 133 மீட்டர் உயர நாச்சி வரும், 97 மீட்டர் உயர கெகோன் வரும். இரண்டும் பார்க்க வேண்டியவையே, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கெகோனில் நாம் செய்வது என்ன? டிக்கெட் வாங்கி லிஃப்டில் இறங்குகிறோம், மேடையில் நின்று படம் எடுக்கிறோம், அதே லிஃப்டில் ஏறி வருகிறோம். ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நடந்து, அது விழுகிற இடத்தில் எல்லாம் நின்று நின்று போவது வேறு வகை அனுபவம். அந்த வகையைத் தேடுபவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

அதற்குத் தோதான பள்ளத்தாக்குகள் ஜப்பானில் ஏராளம். யோசனை கேட்பவர்களிடம் நான் மூன்றை மட்டும் சொல்வேன்: மியே மாகாணத்தில் அகாமே, யமனாஷி மாகாணத்தில் நிஷிசாவா, வடகோடி அவோமோரி மாகாணத்தில் ஓய்ராசே. மூன்றும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால் ஒரே பயணத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எதை?

பலரும் அருவியின் உயரம், இலைகள் நிறம் மாறும் தேதி, ரயில் செலவு என்று வரிசையாகப் பட்டியல் போடுவார்கள். என் முதல் கேள்வி வேறு. பாதி வழியில் உங்களுடன் வந்தவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? முழங்கால் பிடித்துக்கொள்ளலாம், குழந்தை உட்கார்ந்துவிடலாம், மழை வலுக்கலாம். அகாமேயில் எந்த இடத்திலிருந்தும் வந்த வழியே திரும்பிவிடலாம். நிஷிசாவா ஒருவழிச் சுற்றுப்பாதை, ஒரு கட்டத்துக்கு மேல் போய்விட்டால் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். ஓய்ராசேயில் பாதையை ஒட்டியே பஸ் ஓடும் சாலை இருக்கிறது. யாரோடு எங்கே போகலாம் என்பதை இந்த ஒரு வித்தியாசமே முக்கால்வாசி முடிவு செய்துவிடும். உயரமும் நிறமும் அதற்கு அப்புறம்தான்.

அகாமே: எந்த இடத்திலும் திரும்பலாம்

முழுப் பெயர் அகாமே நாற்பத்தெட்டு அருவிகள். எண்ணிப் பார்க்கக் கிளம்பாதீர்கள். நிறைய இருக்கிறது என்பதை அப்படிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நபாரி நகரத்தை ஒட்டிய மலைக்குள் ஒரு சிற்றாறு ஏறக்குறைய 4 கிலோமீட்டருக்குப் படிப்படியாக விழுந்துகொண்டே வருகிறது. நடைபாதை அதைவிட்டு எங்கும் விலகுவதில்லை. சில இடங்களில் ஆற்றுக்கு ஓரடி பக்கத்தில் போகும், சில இடங்களில் சின்னப் பாலம் ஏறி மறுகரைக்குத் தாவும். இருபுறமும் செங்குத்துப் பாறை. ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பெரும் எரிமலை வெடிப்பில் குவிந்து இறுகிய சாம்பல்தான் இந்தப் பாறை. அது செங்குத்தாக வெடித்து உடைவதால், ஆறு வழுக்கிக்கொண்டு இறங்காமல் படிக்குப் படி குதிக்கிறது. இவ்வளவு குறுகிய தூரத்தில் இத்தனை அருவி கிடைப்பதற்குக் காரணம் அதுதான்.

பெரிய அருவிகள் ஐந்து. வரிசையாகச் சொன்னால் ஃபுடோ, செஞ்சு, நுனோபிகி, நினாய், பீவா. இதில் முதல் மூன்றும் நுழைவாயிலிலிருந்து சுமார் அரை மணி நேர நடைக்குள் வந்துவிடும். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அப்பாவோடு போகிறீர்கள், நுனோபிகி வரை போய்விட்டு அவர்கள் "போதும்பா" என்றால், நிஜமாகவே போதும். 30 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வெள்ளைக் கோடாக விழும் நுனோபிகியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் எதையும் கோட்டைவிட்டவர் அல்ல.

முடிந்தவர்கள் மேலே போகலாம். நுனோபிகியைத் தாண்டியதும் படிகள் ஏறும், கூட்டம் பாதியாகக் குறையும். அங்கேதான் எனக்கு மிகப் பிடித்த நினாய் இருக்கிறது. உயரம் 8 மீட்டர்தான். நடுவில் ஒரு பெரிய பாறை நிற்க, தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, காவடித் தண்டின் இருபுறமும் தொங்கும் குடங்களைப்போல சமமாக இறங்குகிறது. கீழே கரும்பச்சையாக ஒரு மடு. உயரத்தை வைத்து அருவிக்கு மதிப்பெண் போடுகிறவர்களை இங்கே அழைத்து வர வேண்டும். கடைசிப் பெரிய அருவியான பீவாவரை போய்த் திரும்ப மொத்தம் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். படம் எடுப்பவர் கூட இருந்தால் நான்கு.

அகாமேயில் அருவிக்கு முன்பே ஒரு காட்சி உண்டு. கட்டணம் செலுத்திவிட்டு ஒரு சிறிய நீர்வாழ் காட்சியகத்தின் வழியாகத்தான் பள்ளத்தாக்குக்குள் போக வேண்டும். ஜப்பானியப் பெரும் சாலமாண்டர் அங்கே இருக்கிறது. தொட்டிக்கு அடியில் சேற்று நிறத்தில் ஒரு கல் கிடப்பதாகத்தான் முதலில் தெரியும். பொறுமையாக நின்றால் அந்தக் கல் மெதுவாக எழுந்து, அகன்ற தட்டைத் தலையை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டி, ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கண் எங்கே என்று தேட வேண்டும், அவ்வளவு சிறியது. இந்த இனம் ஒன்றரை மீட்டர் நீளம்வரை வளரக்கூடியது. 1952 முதல் ஜப்பானின் சிறப்பு இயற்கைச் சின்னம். உணவுக்காக ஒரு காலத்தில் சீனாவிலிருந்து கொண்டுவந்த சாலமாண்டர் ஆறுகளில் கலந்து, கலப்பினம் பெருகியது இப்போதைய தலைவலி. கியோட்டோவின் காமோ ஆற்றில் மட்டுமல்ல, இந்த அகாமே ஆற்றிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. 2024 ஜூலையில் சீன இனத்தையும் கலப்பினத்தையும் சட்டப்படி தீங்கு தரும் அயல் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்தக் காட்சியகத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

ஃபுடோ அருவிக்குப் பின்னால் பழைய கதை ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு மலைத் துறவி என் நோ க்யோஜா இங்கே தவமிருந்தபோது, சிவந்த கண் உடைய எருதின்மேல் ஃபுடோ மியோ என்ற காவல் தெய்வம் காட்சி தந்தாராம். இந்தியாவிலிருந்து பௌத்தத்தின் வழியே போய்ச் சேர்ந்த அசலர்தான் இந்த ஃபுடோ. ஜப்பானில் பல அருவிகளின் பக்கத்தில் அவர் சிலை இருக்கும். மெய்ஜி காலத்தின் (1868–1912) நடுப்பகுதிவரை பக்தர்கள் இந்த 15 மீட்டர் அருவியை வணங்கிவிட்டு இங்கிருந்தே திரும்பிவிடுவார்கள். அதற்கு மேலே புனிதக் காடு, உள்ளே போகக் கூடாது. பக்கத்தில் உள்ள இகா, நிஞ்ஜாக்களின் ஊர். நிஞ்ஜா தலைவர் மொமோச்சி தன்பா இந்தப் பள்ளத்தாக்கில்தான் ஆட்களைப் பழக்கினார் என்பது மரபு. அதை வைத்துக் குழந்தைகளுக்கு நிஞ்ஜா உடை மாட்டிவிட்டுக் கயிறு ஏறச் சொல்லும் பயிற்சியும் நடக்கிறது. முன்பதிவு செய்துவிட்டுப் போனால் பிள்ளைகள் அருவியை மறந்துவிடுவார்கள்.

போகும் வழி: ஒசாகாவின் உவேஹொம்மாச்சியில் கின்டெட்சு ரயில் ஏறினால் அகாமேகுச்சி நிலையத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம்போல ஆகும். சாதாரண எக்ஸ்பிரஸ் நிற்கும். கூடுதல் கட்டணம் கொடுத்து ஏறும் லிமிடெட் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. அதில் ஏறிவிட்டால் அடுத்த நிலையமான நபாரியில் இறங்கி ஒரு நிலையம் பின்னால் வர வேண்டும். கின்டெட்சு தனியார் ரயில் என்பதால் ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்வேயின் சுற்றுலாப் பயணிகளுக்கான பாஸ்) செல்லாது. நிலையத்திலிருந்து பஸ் பத்து நிமிடம். ஆனால் அந்த பஸ் அடிக்கடி கிடையாது. ரயில் நேரத்தைப் பார்ப்பதற்கு முன் பஸ் நேரத்தைப் பாருங்கள்.

நிஷிசாவா: உள்ளே போனால் சுற்றி முடிக்க வேண்டும்

டோக்கியோவில் தங்குபவர்களுக்கு ஒரே நாளில் போய் வர ஏற்றது இது. ஷின்ஜுகுவிலிருந்து சூவோ தடத்தில் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் என்சான். அங்கிருந்து பஸ் ஒரு மணி நேரம். ஆற்றின் பெயர் ஃபுஎஃபுகி. அதன் தலைப்பகுதி இது. சுற்றுப்பாதையின் நீளம் 10 கிலோமீட்டர், சாதாரணமாக நான்கு மணி நேரம். நுழைவுக் கட்டணம் கிடையாது.

அகாமேயோடு ஒப்பிட்டால் இங்கே அருவிகளின் எண்ணிக்கை குறைவு, தண்ணீரின் அழகு கூடுதல். பாறை கிரானைட். வெளிறிய அந்தக் கல்லின்மேல் ஓடுவதால் ஆற்றின் நிறம் இளநீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். படத்தில் பார்த்தால் நிறத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று தோன்றும்; இல்லை, அப்படித்தான் இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து முதலில் காட்டுச் சாலை, பிறகு ஒரு தொங்குபாலம், அப்புறம் மூன்றடுக்காக விழும் அருவி. இதுவரை செருப்பு மாட்டியவர்கள்கூட வந்துவிடுகிறார்கள் (வரக்கூடாது). இங்கிருந்தே திரும்புகிறவர்களும் உண்டு, அது புத்திசாலித்தனம். இதைத் தாண்டினால்தான் உண்மையான நிஷிசாவா தொடங்குகிறது.

பாதை ஓர் ஆள் அகலத்துக்குச் சுருங்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் நேரே ஆறு. சுவரில் இரும்புச் சங்கிலி அடித்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய இடங்களில் காலடிக் கல் எப்போதும் ஈரமாகவே இருக்கும், மேலிருந்து கசிந்துகொண்டே இருப்பதால். பலர் மிதித்து மிதித்து நடுவில் வழவழப்பாகிவிட்ட கல்லைவிட, ஓரத்தில் சொரசொரப்பாக இருக்கும் கல்லில் கால் வைப்பது நல்லது. சங்கிலியைப் பிடிக்க ஒரு கை, படம் எடுக்க ஒரு கை என்று நினைக்காதீர்கள். நின்று, பிடித்து, எடுத்து, பையில் போட்டுவிட்டு அடுத்த அடி. இந்தப் பகுதியில் எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. அதனால்தான் பாதையை ஒருவழியாக்கி வைத்திருக்கிறார்கள். பின்னால் பள்ளிக்கூடக் கூட்டம் ஒன்று வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது, "எனக்கு பயமாக இருக்கிறது, திரும்பிவிடலாம்" என்று சொல்ல முடியாது. உயரம் என்றால் தலை சுற்றும் நண்பரை இங்கே அழைத்து வராதீர்கள்.

இத்தனைக்கும் பரிசு ஏறுபகுதியின் முடிவில் கிடைக்கிறது. நனட்சுகாமா கோதான் அருவி ஐந்து படியாக விழுந்து, ஒவ்வொரு படியின் கீழும் பாறையைக் குடைந்து வட்டக் குழிகளாக்கி வைத்திருக்கிறது. குழியிலிருந்து குழிக்கு நீர் நிறைந்து வழிந்து இறங்குவதை எதிரிலிருந்து முழுசாகப் பார்க்கலாம். 1990இல் தேர்ந்தெடுத்த ஜப்பானின் நூறு அருவிகள் பட்டியலில் இது உண்டு. அகாமேயும் உண்டு. ஓய்ராசேப் பாதையோரத்து அருவி ஒன்றுகூட அதில் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை வைத்து ஓய்ராசேயை ஒதுக்கிவிட வேண்டாம், காரணம் பிறகு வருகிறது.

அருவிக்குப் பிறகு படிகள் செங்குத்தாக ஏறி, பழைய மரவண்டித் தடத்தில் கொண்டுபோய் விடும். திரும்பும் வழி முழுவதும் இந்தத் தடம்தான். ஒரு காலத்தில் காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்து வரும். வெட்டிய மரத்தை ஏற்றியதும் வண்டி தன் பாரத்திலேயே சரிவில் இறங்கும், ஆள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தண்டவாளங்கள் சில இடங்களில் இன்னும் மண்ணுக்கு மேலே தெரிகின்றன. மெல்லிய இறக்கம், அகலமான பாதை, கால் தானாகப் போகும். ஆறு கீழே எங்கோ ஆழத்தில் சத்தமாக மட்டும் இருக்கும், கண்ணில் படாது. கடைசி மணி நேரம் கொஞ்சம் அலுக்கும், உண்மையைச் சொல்ல வேண்டும். பத்து கிலோமீட்டரில் அருவியோடு இருப்பது பாதிக்கும் குறைவு என்பது நிஷிசாவாவின் குறை. அகாமேயில் திரும்பும்போதும் அதே அருவிகளை மறுபக்கமிருந்து பார்த்துக்கொண்டே வரலாம்.

இன்னொன்று, நிஷிசாவாவுக்குப் பூட்டு உண்டு. டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் கடைசிவரை பாதையை மூடிவிடுவார்கள், பனிக்கட்டியால். செர்ரிப் பூக்களுக்காக மார்ச் கடைசியில் வருகிறவர்கள் இதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். கல் சரிந்தால் நடுப் பருவத்திலும் ஒரு பகுதியை மூடிவிடுவது உண்டு. கிளம்பும் முன் நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்சான் பஸ்ஸும் பருவ காலத்தில், பெரும்பாலும் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும்தான். கடைசி பஸ் மாலையில் சீக்கிரமே போய்விடும். காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடிக்க மனமில்லாதவர்கள் இந்த இடத்தை நினைக்க வேண்டாம்.

ஓய்ராசே: அருவி ஓரத்தில், ஆறு நடுவில்

டோவாடா என்ற எரிமலைப் பள்ளத்து ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே ஆறு ஓய்ராசே. நெனோகுச்சியில் ஏரியைவிட்டுக் கிளம்பி யாகேயாமாவரை 14 கிலோமீட்டருக்கு நடைபாதை கூடவே வருகிறது. இத்தனை தூரத்துக்கும் சேர்த்து இறக்கம் 200 மீட்டர்போலத்தான். கால் வலிக்காது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் ஏரியின் கரை உடைந்து பாய்ந்த வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கை வெட்டியது என்கிறார்கள். அப்போது உண்டான மலைச்சுவர்களிலிருந்து இன்றும் சின்னச் சின்ன ஓடைகள் இருபுறமும் விழுந்துகொண்டிருக்கின்றன. இங்கே அருவி என்பது பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும் காட்சி. ஆற்றிலேயே விழும் பெரிய அருவி ஒன்றுதான், சோஷி. உயரம் 7 மீட்டர், அகலம் 20 மீட்டர்.

அருவியை மட்டும் எண்ணினால் ஓய்ராசே தோற்றுவிடும். ஆனால் இங்கே எதிலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது: ஆறு கோபிப்பதில்லை. மேலே ஏரி ஒரு தொட்டியாக நின்று, திடீர் வெள்ளத்தைத் தாங்கிக்கொள்கிறது. நெனோகுச்சியில் மதகும் உண்டு. வெள்ளம் வந்து கல்லைப் புரட்டாததால், ஆற்றின் நடுவில் கிடக்கும் பாறைகள்மேல்கூடப் பாசி அடர்ந்து, பாசிமேல் செடி முளைத்து, செடியோடு சிறு மரமும் நிற்கிறது. தண்ணீர் அந்தக் குட்டித் தீவுகளைச் சுற்றிக்கொண்டு போகும். மரப்பாலம் ஏதாவது வந்தால் குனிந்து கைப்பிடியைப் பாருங்கள். விரல் அளவு இடத்தில் நட்சத்திரமாய் விரிந்த பாசி, பஞ்சுபோல் பொதிந்த பாசி, நுனியில் ஒரு துளி தொங்கும் மெல்லிய தண்டோடு நிற்கும் பாசி என்று நான்கைந்து வகை நெருங்கிக் கிடக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் சுமார் 300 வகைப் பாசி இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாசியை மட்டும் பார்க்கவென்றே வழிகாட்டியோடு நடக்கிற கூட்டம் இங்கே உண்டு. அவர்களைப் பார்த்து முதலில் சிரிப்பு வரலாம். ஒருமுறை அந்தக் கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

சோஷி அருவிக்கும் ஒரு கதை உண்டு. மீன்கள் அதைத் தாண்டி மேலே ஏற முடியாததால், ஏரியில் காலங்காலமாக மீனே இல்லை என்பார்கள். வாய்னாய் சதாயுகி என்பவர் பல வகை மீன்களை விட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு, 1903இல் ஹிமேமாசு என்ற சால்மன் வகையின் குஞ்சுகளை விட்டார். இரண்டு ஆண்டு கழித்து அவை முட்டையிடக் கூட்டமாகக் கரைக்குத் திரும்பின. இன்றும் ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கடைகளில் அந்த மீன்தான் ராஜா.

எல்லாம் நடக்க வேண்டும் என்பதில்லை. நல்ல பகுதி என்றால் இஷிகெடோவிலிருந்து நெனோகுச்சிவரையிலான 9 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஏரியை நோக்கி மேல்நோக்கி நடங்கள். அப்போதுதான் நீர் உங்களை நோக்கிப் பாயும், சோஷி கடைசியில் வரும். ஏற்றம் தெரியவே தெரியாது. இஷிகெடோவில் கழிப்பறை, சிற்றுண்டி, பஸ் நிறுத்தம் எல்லாம் உண்டு. நடுவில் குமோய் அருவிப் பக்கமும் பஸ் நிற்கும். பாட்டியை இஷிகெடோவில் இறக்கி அரை மணி நேரம் நடத்திவிட்டு, அடுத்த பஸ்ஸில் சோஷி அருவிக்கு அழைத்துப் போகலாம். மூன்று இடங்களிலும் இந்த வசதி இங்கே மட்டும்தான்.

அந்தச் சாலையேதான் தொல்லையும். மரங்களுக்கு நடுவே நீரின் சத்தத்தில் லயித்திருக்கும்போது சுற்றுலா பஸ் ஒன்று பத்தடி பக்கத்தில் உறுமிக்கொண்டு போகும். அக்டோபர் கடைசி வார இறுதிகளில் கார்கள் ஊர்ந்துகொண்டு நிற்கும். எனக்கு இது உறுத்துகிறது. உடன் வந்தவர்களில் பலருக்கு உறுத்தவில்லை. தப்பிக்க வழி, விடிகாலையில் நடப்பதுதான். அதற்கு முந்தைய இரவு அங்கே தங்க வேண்டும்.

எப்படியும் தங்கித்தான் ஆக வேண்டும். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஹாச்சினோஹேவரை மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், ஜே.ஆர். பாஸில் அது அடக்கம். ஆனால் அதற்கப்புறம் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், அதுவும் ஒரு நாளைக்குச் சில நடைதான், குளிர்காலத்தில் அதுவும் இல்லை. காலையில் கிளம்பி இரவு திரும்பும் திட்டம் காகிதத்தில் சரியாக வரும், நடப்பது மட்டும் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும்.

பருவம், காலணி, கரடி

நிறம் மாறுவது வடக்கிலிருந்து தெற்காக வரும். ஓய்ராசேயில் அக்டோபர் பிற்பகுதி, நிஷிசாவாவில் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம், அகாமேயில் நவம்பர் நடுவிலிருந்து கடைசிவரை. பயணத் தேதி ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்றால், இடத்தைத் தேதியே எடுத்துக் கொடுத்துவிடும். மே முதல் பாதியில் நிஷிசாவாவின் ரோடோடென்ட்ரான் பூக்கும். அந்த வாரங்களில் அதை அடிக்க வேறு இடம் கிடையாது. ஜூன், ஜூலை மழையில் மூன்றும் நிறைந்து விழும், அகாமேயின் கற்படிகளும் வழுக்கும். ஆகஸ்டில் நகரம் கொதிக்கும்போது ஓய்ராசேயின் நிழல் சொர்க்கம். குளிர்காலத்தில் நடக்க ஏற்றது அகாமேதான், அதுவும் வாரத்தில் எல்லா நாளும் இல்லை. கடுங்குளிரில் அங்கே ஓரச் சுவர்களின் கசிவு பனிக்கட்டியாக உறைந்து தொங்கும்.

அருவி என்றதும் பையில் துண்டும் மாற்றுத்துணியும் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இவை குளிக்கிற இடங்கள் அல்ல. சாரலில் நனையலாம், அவ்வளவுதான். நடந்து முடித்துவிட்டு வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போவது இங்கத்திய வழக்கம். துண்டு அதற்கு உதவும்.

நிஷிசாவாவுக்குப் பிடிமானமுள்ள மலைநடைக் காலணி அவசியம். மற்ற இரண்டுக்கும் நல்ல ஸ்னீக்கர் போதும். கரடி விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சமீப ஆண்டுகளில் குறிப்பாக வட ஜப்பானில் கரடித் தாக்குதல்கள் கூடியிருக்கின்றன. ஓய்ராசேக்கும் நிஷிசாவாவுக்கும் போகும்போது பையில் மணி கட்டிக்கொள்ளுங்கள், விடிகாலையில் தனியாகப் போகாதீர்கள், எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் மலையடிக் கடைகளை நம்ப வேண்டாம், காய்கறி நூடுல்ஸின் சாற்றிலும் மீன் இருக்கும். நகரத்திலேயே சாப்பாட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு போவதுதான் வழி. பஸ்ஸுக்கு 1,000 யென் நோட்டுகளும் சில்லறையும் வைத்திருங்கள், பெரிய நோட்டை அந்த இயந்திரம் ஏற்காது.

என் தேர்வு

ஒசாகா, கியோட்டோ, நாரா என்று திட்டம் போட்டவர்கள், குடும்பத்தோடு வருபவர்கள், ஒரே ஒரு அருவி நடைதான் முடியும் என்பவர்கள் எல்லோருக்கும் அகாமே. மூன்றிலும் அருவிக்காகவே நடக்கிற பாதை அதுதான், யாருக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு போய்வரலாம். மதியத்துக்குள் முடிந்துவிட்டால் இரண்டு நிலையம் தள்ளி மூரோகுச்சி ஓனோவில் இறங்கி, பஸ் பிடித்து மூரோஜி கோயிலின் ஐந்தடுக்கு மரக்கோபுரத்தையும் பார்க்கலாம். 16 மீட்டர்தான் இருக்கும், சுற்றியுள்ள தேவதாரு மரங்கள் அதைவிட உயரம்.

டோக்கியோவில் வேலை பார்க்கிற, சனிக்கிழமை சும்மா இருக்கிற, கால் நன்றாக இருக்கிற இளைஞர்கள் அகாமேவரை வர வேண்டியதில்லை, நிஷிசாவா போங்கள். திரும்பும் வழியில் என்சான் பக்கம் திராட்சை, பீச் தோட்டங்கள். பருவத்தில் வந்தால் பை கனத்துவிடும். நவம்பரில் வீட்டுக்கூரைக்குக் கீழே தோல் உரித்த பெர்சிமன் பழங்களைச் சரம் சரமாகக் காயப்போட்டிருப்பார்கள்.

ஓய்ராசேயை நான் அருவிக்காகச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஜப்பானை ஒருமுறை பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் இரண்டு நாள் ஒரே இடத்தில் இருக்க விரும்புபவர்களுக்கும், நடக்கச் சிரமப்படும் பெரியவர்களை அழைத்துவருபவர்களுக்கும் அதுதான் சரி. ஒரே நாளில் தொட்டுவிட்டு ஓடுவதாக இருந்தால் வேண்டாம்.

இது எதற்குமே நேரமில்லை, ஒசாகாவில் அரை நாள்தான் மிச்சம் என்றால் மினோ இருக்கிறது. உமேதாவிலிருந்து ஹன்க்யூ ரயிலில் அரை மணி நேரம், நிலையத்திலிருந்து அருவிக்கு 2.8 கிலோமீட்டர், வழியெல்லாம் தளம் போட்ட பாதை. முடிவில் 33 மீட்டர் அருவி ஒன்று, அதுவும் அந்த நூறின் பட்டியலில் உள்ளதுதான். வழியோரக் கடைகளில் மேப்பிள் இலையை ஓராண்டு உப்பில் ஊறவைத்து, இனிப்பு மாவில் எள்ளோடு தோய்த்துப் பொரித்து விற்பார்கள். கரகரவென்று நன்றாகவே இருக்கும், இலையின் சுவை மட்டும் தெரியாது. குரங்குகள் சுற்றும் இடம் என்பதால் பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள்.